மூன்று மணிக்கு முன்னால் வரும் அம்மா

பிள்ளையை விட்டுப்போக வருகிறவர்கள் வாசலில் நின்றுகொண்டு எதைச் சொன்னாலும் சிவசக்தி "சரிங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பேசினால் பிள்ளை அழத் தொடங்கும், அவர்களுக்கும் பஸ் போய்விடும்.

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பதினொரு வருடம் வேலை பார்த்தவள் அவள். அங்கே தாய்மார்கள் காலை ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஓடுகிற ஓட்டத்தில், கொழுந்துக் கூடையும் தலையுமாக வந்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். "ராத்திரி பூரா இருமிச்சுக்கா" என்று ஒருத்தி சொன்னால் அதுவே பெரிய பேச்சு. புருஷன் வீரசிங்கத்துக்கு வெலிமடையில் காய்கறி ஏற்றுகிற லொறியில் வேலை கிடைத்து, அப்புத்தளையில் ரயில் ஓடுகிற கோச்சிப் பாதைக்குக் கீழே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான், பிள்ளையை விடுகிறவர்கள் இவ்வளவு பேசுவார்கள் என்பதே அவளுக்குத் தெரியவந்தது.

முன்னறையில் பாய் விரித்து நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் டவுனில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்.

"எங்கட மகனுக்கு 'வாணாம்'ண்டு செல்லிப் பழக்கமில்ல," என்றார் புடவைக்கடை நிஸாம், முதல் நாளே. "நீங்களும் அவனுக்கு 'வாணாம்'ண்டு செல்ல வாணாம்."

பாங்கில் வேலை பார்க்கிற தனேஸ்வரன் மகனை இடுப்பிலிருந்து இறக்காமலே சொன்னார்: "சரியா நாப்பது நிமிசம் நித்திரை கொள்ள விடுங்கோ. நாப்பத்தொண்டாப் போச்செண்டா இரவைக்கு எங்களுக்குச் சிவராத்திரிதான்."

கணபதி மாஸ்டருக்கு வேறு கவலை. "எங்க பையன் மத்தப் புள்ளைகளோட நல்லாப் பழகணுங்க. ஆனா ஒருத்தரும் அவனத் தொடக்கூடாது." அவர் மனைவி இன்னொரு நாள் அதே பையனைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து, காதோடு காதாகச் சொன்னாள்: "காய்ச்சல் அடிக்குது. ஆனா அது அவனுக்குத் தெரியாது. சொல்லிறாதீங்க, பயந்துருவான்."

எல்லாவற்றுக்கும் சரிங்க. கதவைச் சாத்திய பிறகு தூங்குகிற பிள்ளையைத் தூங்க விட்டாள், அடுப்பங்கரைக்குள் ஓடுகிற பிள்ளையிடம் வேணாம் என்றாள், காய்ச்சல்காரனுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் வீரசிங்கம் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே "இன்னிக்கு யாரு என்னா சொன்னாங்க?" என்று கேட்பான். அவள் சொல்லச் சொல்ல இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

லீலாதேவி டீச்சர் வந்தது தொண்ணூற்றொன்பதாம் வருடம் தை மாதம். யாழ்ப்பாணத்து ஆட்கள். புருஷன் செல்வரத்தினத்துக்குப் பதுளைக் கச்சேரியில் அரசாங்க வேலை. காலைக் கோச்சியில் போய்ப் பின்னேரக் கோச்சியில் திரும்புவார். டீச்சர் டவுன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. அதனால் நாலு வயது லதுஷாவை மூன்று மணி வரை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றவர்களைப் போல அவள் நிறையப் பேசவில்லை. பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்றாள், கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டாம் என்றாள். படியிறங்கிப் போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, இன்னொண்டு. மூண்டு மணிக்கு முந்தி நான் வந்து கேட்டா, பிள்ளையைத் தராதேங்கோ."

தன் காதில்தான் பிழையோ என்று சிவசக்தி நினைத்தாள். "வேற யாராச்சும் வந்து கேட்டாவா டீச்சர்?"

"இல்லை. நான் வந்து கேட்டா. என்ன சொல்லிக் கேட்டாலும் தராதேங்கோ. அழுதாலும் தராதேங்கோ."

முகத்தில் சிரிப்பு இல்லை. முட்டையைப் பற்றிச் சொன்ன அதே குரல்தான்.

"சரிங்க," என்றாள் சிவசக்தி.

அன்று சாயங்காலம் வீரசிங்கத்துக்குப் புரையேறிவிட்டது. "நேரத்தோட வந்து கூட்டிக்கிட்டுப் போனா நமக்கு நல்லதுதானே. படிச்சவங்களுக்கு மட்டும் எப்பிடித்தான் இதெல்லாம் தோணுதோ," என்றான். அவளும் சிரித்தாள். ஆனால் அவனிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. மூன்று மணிக்குப் பிறகு பிள்ளையைக் கூட்டிப் போக வந்த டீச்சர், சப்பாத்தை மாட்டிவிட்டுக்கொண்டே கேட்டிருந்தாள்:

"இண்டைக்கு நான் வந்தனானோ?"

"இப்பத்தானே வர்றீங்க டீச்சர்."

"இதுக்கு முந்தி?"

"இல்லைங்க. வரல."

டீச்சர் மூச்சை விட்டாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அவள் பிடித்த பிடியில் பிள்ளையின் விரல்கள் வெளுத்துப் போயிருந்ததைச் சிவசக்தி கவனித்தாள்.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் அதே கேள்வி. இண்டைக்கு நான் வந்தனானோ. வரலைங்க. மற்றத் தாய்மார்கள் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்பது போல அது பழகிப் போயிற்று. பழகிய பிறகு சிவசக்தி அதைப் பற்றி நினைப்பதையும் விட்டுவிட்டாள்.

லதுஷா அழாத பிள்ளை. வைத்த இடத்தில் இருக்கும். ஒரு நாள் சோறு ஊட்டும்போது, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னது: "எனக்கு ரெண்டு அம்மா."

"அப்பிடியா? யாரு யாரு?"

"ஒரு அம்மா செருப்புப் போட்டிருப்பா. மற்ற அம்மா போடமாட்டா."

"மத்த அம்மா எங்க இருக்காங்க?"

"வீட்டிலதான். அப்பா இல்லாத நேரம் வருவா. என்னை வேற பேர் சொல்லிக் கூப்பிடுவா."

"என்னா பேரு?"

பிள்ளை இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டது. சிவசக்தியின் விரல்களில் பிசைந்து உருட்டிய சோறு அப்படியே இருந்தது. வெளியே நல்ல வெயில். ஆனாலும் அவள் எழுந்துபோய்ப் பின்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

மாசி போனது, சித்திரை போனது, காற்றுக் காலமும் போனது. ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் விடிந்ததிலிருந்தே பனிமூட்டம் கலையவில்லை. பட்டப்பகலில் வீட்டுக்குள் விளக்கைப் போட வேண்டியிருந்தது. ஒரு மணியாகக் கால் மணி நேரம் இருக்கையில் பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். முன்கதவு மேலும் கீழுமாக இரண்டு பாதியாகத் திறக்கிற கதவு. கீழ்ப்பாதியைச் சாத்தி மேல்பாதியைத் திறந்து வைத்திருந்தாள் சிவசக்தி. முற்றத்துக் கொய்யா மரம்கூடத் தெரியவில்லை. படியில் யாரும் இறங்கி வருகிற சத்தமும் கேட்கவில்லை. துடைத்த தட்டுகளை அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, கதவுக்கு அப்பால் லீலாதேவி நின்றாள்.

"அக்கா, பிள்ளையைத் தாங்கோ. வெளிக்கிட வேணும்."

சேலையில் சோக்குத் தூள் அப்பியிருந்தது. குடை இல்லை. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சிவசக்தி யோசிக்கவே இல்லை. பத்து மாதப் பழக்கம். "என்ன டீச்சர், இப்பிடி நனைஞ்சுட்டீங்க," என்று சொல்லிக்கொண்டே ஆணியில் மாட்டியிருந்த லதுஷாவின் பையை எடுத்தாள். பாயைப் பார்த்தாள். நாலு பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

லதுஷா மேசைக்கு அடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வாம்மா, அம்மா வந்திருக்காங்க."

பிள்ளை தலையை ஆட்டியது. சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தது. "மற்ற அம்மா."

சிவசக்தி திரும்பி வந்து, கீழ்ப்பாதிக் கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். டீச்சரின் காலில் செருப்பு இல்லை. பாதமெல்லாம் சேறு, பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. அது அவளுக்கு வலித்ததாகவே தெரியவில்லை.

"மற்றவளையும் எழுப்பிக்கொண்டு வாங்கோ," என்றாள் லீலாதேவி. "ரெண்டு பேரையும் ஒண்டா விட்டனான். ஒண்டாத் தாங்கோ."

சிவசக்தி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"டீச்சர், மூணு மணி ஆகலைங்க."

"அது நான் அண்டைக்குச் சும்மா சொன்னது."

"மூணு மணிக்கு முன்னாடி வந்தா குடுக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நான்தானே சொன்னனான், இப்ப நான்தானே கேக்கிறன். என்ர பிள்ளை அக்கா. பெத்தவ வந்து நிக்கேக்க தரமாட்டன் எண்டு சொல்ல நீங்க ஆர்?"

குரலை உயர்த்தவில்லை அவள். அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை என்றுதான் சிவசக்திக்குப் பட்டது. ஒருத்தியே சொன்ன இரண்டு சொல்லில் எதைக் கேட்பது? பத்து வருடத்துக்கு மேல் பிள்ளை பார்த்தவள், ஒரு தாய்க்கு அவள் பிள்ளையை இல்லை என்று சொன்னதே கிடையாது. கை தாழ்ப்பாளை விட்டு எழவில்லை. திறக்கவும் இல்லை.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். தரமாட்டேன்."

லீலாதேவி அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. காது கொடுத்து எதையோ கேட்பவள் போலத் தலையைச் சரித்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "சரி. சின்னவள் இருக்கட்டும். மூத்தவள் முன்னால போயிட்டாள். சனத்துக்குள்ள விட்டா அம்பிடமாட்டாள். நான் பிடிச்சுக்கொண்டு வாறன்."

படியேறிப் போனாள். நாலாவது படியில் பனி அவளை மூடிக்கொண்டது. அந்தப் படிகள் ஏறி முடிகிற இடம் கோச்சிப் பாதை.

சிவசக்தி தாழ்ப்பாளைத் திறந்தாள். ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது? வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு றஷீனாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டாள். றஷீனா துணியை அப்படியே போட்டுவிட்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்தாள். "போங்க. புள்ளைகளோட நான் ஈக்கிறேன்," என்றாள்.

மேலே தண்டவாளம் இரண்டு பக்கமும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. எந்தப் பக்கம் போனாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிவசக்தி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். ஸ்டேஷன் பக்கம் அமைதி. மறுபக்கம், மலையை வெட்டிப் பாதை போட்ட இடத்திலிருந்து, சல்லிக் கல்லில் கால் வைக்கிற சத்தம் வந்தது. பெரிய ஆள் ஒருத்தி நடக்கிற சத்தம். அதற்கு முன்னால் இன்னொரு சத்தம்: சின்னதாக, வேகமாக, தண்டவாளச் சிலிப்பர் கட்டைக்குச் சிலிப்பர் கட்டை தாவித் தாவிப் போகிற சத்தம்.

"டீச்சர்," என்று கூப்பிட்டாள்.

பெரிய காலடி நிற்கவில்லை. சின்னது நின்றது.

அவள் ஓடினாள். வெட்டுப் பாறைக்கு நடுவே தண்டவாளத்தின் மேல் லீலாதேவி நின்றிருந்தாள். வலது கை கீழே நீண்டு, ஆறேழு வயதுப் பிள்ளையின் கையைப் பிடிக்கிற உயரத்தில், விரல்கள் மடங்கியிருந்தன. அந்தக் கைக்குள் எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்றுதான் சிவசக்தியின் கண்ணுக்குத் தெரிந்தது.

"பிடிச்சிட்டன்," என்றாள் லீலாதேவி. "இனி விடமாட்டன்."

"வாங்க டீச்சர், வீட்டுக்குப் போவோம்."

"அங்கால போக வேணும். பாலம் கடக்க வேணும். எல்லாரும் போகினம்."

தூரத்தில் கோச்சி ஊதியது. காலுக்குக் கீழே தண்டவாளம் மெல்ல அதிரத் தொடங்கியது. சிவசக்தி அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒல்லியான மனுஷி, ஆனால் வேர் விட்ட மாதிரி நின்றாள், அசையவில்லை. இழுக்க இழுக்க அந்த வலது கையை மட்டும் இன்னும் இறுக்கிக்கொண்டாள். அதை விடச் சொன்னால் இவள் செத்தாலும் விடமாட்டாள் என்று சிவசக்திக்கு விளங்கியது.

அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். காலையில் வாசலில் நின்று சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"டீச்சர், மூத்த புள்ளையையும் எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கிறேன். வேலைய முடிச்சுட்டு வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

லீலாதேவி முதல் முறையாக அவளைப் பார்த்தாள். "பாப்பீங்களோ?"

"பாப்பேங்க. கையை எங்கிட்டக் குடுங்க."

குனிந்து தன் கையை நீட்டினாள். லீலாதேவி கொஞ்ச நேரம் தயங்கினாள். கோச்சி இன்னொரு முறை ஊதியது, இந்த முறை மிகக் கிட்டத்தில். அவள் தன் மூடிய கையைச் சிவசக்தியின் உள்ளங்கைக்குக் கொண்டுவந்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, கையை விலக்கிக்கொண்டாள்.

சிவசக்தியின் உள்ளங்கையில் ஒரு கை இருந்தது. சின்னக் கை, ஈரம், ஐஸ் மாதிரி குளிர். ஐந்து விரல்களும் அவள் கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தன. பிடித்துப் பழகிய பிடி. காம்பராவில் எத்தனை பிள்ளைகள் அப்படிப் பிடித்திருக்கின்றன. அவள் கீழே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தன்னால் நகர்ந்திருக்க முடியாது என்று பிறகு நினைத்துக்கொண்டாள். அந்தக் கையை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையால் லீலாதேவியின் தோளைத் தள்ளினாள். இப்போது அவள் அசைந்தாள். பாறையோரத்துப் புல்லில் மூன்று பேரும் விழுந்த மாதிரி இருந்தது.

கோச்சி கடந்து போனது. ஒவ்வொரு பெட்டியாக, மஞ்சள் வெளிச்சம் பனியில் ஓடிக்கொண்டே இருந்தது. அது போய் முடிகிற வரைக்கும் சிவசக்தி அந்தக் கையை விடவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடானது. கடைசிப் பெட்டி போன பிறகு பார்த்தாள். உள்ளங்கை ஈரமாக, வெறுமையாக இருந்தது.

பக்கத்தில் லீலாதேவி எழுந்து உட்கார்ந்தாள். தன் காலைப் பார்த்தாள். நகம் பெயர்ந்த விரலைத் தொட்டு முகத்தைச் சுளித்தாள்.

"நான் வந்திட்டன், என்னக்கா," என்றாள்.

"ஆமாங்க."

"தந்தனீங்களோ?"

"இல்லைங்க. சின்னப் பாப்பா வீட்டுலதான் இருக்கு."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் படியிறங்கி வந்தார்கள். றஷீனா வெந்நீர் வைத்துக் காலைக் கழுவிவிட்டாள்.

பின்னேரக் கோச்சியில் இறங்கிய செல்வரத்தினம், செய்தி கேட்டு ஸ்டேஷனிலிருந்து நேரே ஓடி வந்தார். மனைவியும் மகளும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசல்படியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க ஒரே நாளில் வெளிக்கிட்டபோது, சனமும் மழையுமாகப் பாலத்தில் நெருக்கிக்கொண்டு போனார்களாம். லதுஷா எட்டு மாதக் கைக்குழந்தை. மூத்தவள் சிவரூபிக்கு ஆறு வயது. தோள் வலிக்கிறது என்று கைக்குழந்தையை மறு பக்கம் மாற்றிப் போட, லீலாதேவி ஒரு நொடி மூத்தவளின் கையை விட்டிருக்கிறாள்.

"அதுக்குப் பிறகு காணேல்ல," என்றார். "விசாரிக்காத இடமில்லை."

சிவசக்தி மூன்று மணி விஷயத்தைச் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு ஒண்டும் சொல்லேல்ல. சுகமாகிட்டா எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். உங்களிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கிறா." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அவ கேட்டா, அங்க தண்டவாளத்தில வேற ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுங்கோ. தயவுசெய்து," என்றார்.

"சரிங்க," என்றாள் சிவசக்தி. அவளோடு சேர்ந்து சிரிக்க முடியாத ஒரு சாயங்காலம் வீரசிங்கத்துக்கு அன்றுதான் வாய்த்தது. இன்னிக்கு யாரு என்னா சொன்னாங்க என்று அவன் கேட்கவே இல்லை.

லீலாதேவி இரண்டு மாதம் லீவில் இருந்தாள். பதுளையில் ஒரு டொக்டரிடம் காட்டி மருந்து எடுத்தார்கள். முகம் ஊதி, பேச்சு மெதுவாகி, எதிலும் பட்டுக்கொள்ளாமல் இருந்தாள். செருப்பில்லாமல் வெளியே வரவில்லை. அது போதும் என்று செல்வரத்தினம் சொல்லிக்கொண்டார். அடுத்த மாசியில் அவருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது.

போகிற அன்று சாமான் ஏற்றிய வானை மேலே ரோட்டில் நிறுத்திவிட்டு மூன்று பேரும் சொல்லிக்கொள்ள வந்தார்கள். லதுஷா புதுச் சப்பாத்துப் போட்டிருந்தது. செல்வரத்தினம் பிஸ்கட் பெட்டியைக் கொடுத்துவிட்டு, நேரமாகிறது என்றார். லீலாதேவி நகரவில்லை.

"அக்கா, அண்டைக்கு அவளின்ர கையை உங்களிட்டத் தந்தனான். நீங்க பிடிச்சனீங்களோ?"

அவளுக்குப் பின்னால் நின்ற செல்வரத்தினம் தலையை மெல்ல இடமும் வலமுமாக ஆட்டினார். அவர் கண்கள் கெஞ்சின. அந்த நினைப்பை வளர்க்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதைத்தான் அவர் செய்கிறார், அந்த மனுஷனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிவசக்தி தன் கையைப் பார்த்தாள். மாவு ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"புடிச்சேங்க," என்றாள்.

லீலாதேவி ஒரு அடி கிட்ட வந்தாள். "குளிராக் கிடந்ததோ?"

"மொதல்ல குளிராத்தான் இருந்துச்சு. கோச்சி போறதுக்குள்ள சூடாயிருச்சுங்க. நான் விடல டீச்சர். அதாத்தான் போச்சு."

செல்வரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். லீலாதேவி வாசல்படியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அவள் அழுது அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு றஷீனா வேலியோரம் வந்து நின்றாள். மேலே வான்காரன் இரண்டு தரம் ஹோன் அடித்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். லதுஷா தாயின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, சிவசக்தியை நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பார்வையில் பயம் இருக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்துத்தான் அவர்கள் படியேறினார்கள். உள்ளே நிஸாமின் மகன் எழுந்து அழுகிற சத்தம் கேட்டது. சிவசக்தி பிஸ்கட் பெட்டியை இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.